ஆவணி மாதத்துப் பதினோரு நாள்

பாப்பா,

இந்தக் காகிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது முறுக்கில் பாதி தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் டப்பாவின் அடியில் வைத்தேன். மேலே வைத்திருந்தால் அரக்கோணத்தில் ரயில் ஏறுவதற்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து வாசலில் நிற்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைத்தெருவில் யாரையும் விட்டுவைக்காமல் கிண்டல் செய்கிறவள், போலீஸ்காரரையே தொப்பை எத்தனை மாசம் என்று கேட்டவள், நாற்பத்தேழு வயதாகியும் பெற்ற மகளுக்குப் பயந்து முறுக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறேன். சிரித்துக்கொள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒழுங்காகப் படி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும். பிழையைத் திருத்திக்கொண்டு விஷயத்தை விட்டுவிடாதே. இன்னொன்று, இதை நீ மட்டும் படித்து மடித்து வைக்க நான் எழுதவில்லை. உன் ஆராய்ச்சி சாருக்கும், பெங்களூரில் உன்னோடு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற எல்லாருக்கும் படித்துக் காட்டு. அம்மா எழுதியது என்று வெட்கப்படாதே. வெட்கப்பட வேண்டியவள் நான்.

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள், காவடிப் பூ தெருவெல்லாம் மிதிபட்டுக் கிடந்த காலையில், நீ கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இங்க வா. என்ன வேலை செய்ற, என்ன வேலை செய்றன்னு கேட்டுகினே இருக்கிறல்ல, இன்னிக்கி காட்டறேன்."

"வந்தேன் வந்தேன், வெயில் தாசில்தாரே. சூரியனுக்கு எப்ப பட்டா மாத்தித் தரப்போறீங்க?"

நீ முறைத்தாய். வெயிலைப் பற்றி ஏதோ கணக்கு என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். பிறகு உருண்டையாக ஒரு படத்தைக் காட்டி, இது ஒரு பூமி, கணக்கில் செய்த பூமி என்றாய். அதில் கடல் உண்டு, காற்று உண்டு, வெயில் உண்டு, எல்லாம் எண்களாக ஓடுகின்றன என்றாய்.

"இந்தப் பொய் பூமியில திருத்தணி இருக்குதா?"

"இருக்குதும்மா. ஆனா பெரிய பெரிய கட்டமா பிரிச்சிருக்கோம். சென்னை, திருப்பதி, நாம எல்லாம் ஒரே கட்டத்துல வந்துடுவோம்."

"அப்ப மலை?"

"மலை தெரியாது."

"முருகனையே தெரியாத பூமியா? அது வெளங்கினாப்லதான்."

அன்றைக்கு அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாய், எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது. தொண்ணூற்றொன்றில் பிலிப்பைன்ஸ் பக்கம் ஓர் எரிமலை வெடித்து, அதன் கந்தகப் புகை மழைமேகத்துக்கும் மேலே போய் உலகத்தையே சுற்றி வந்தது, அது வெயிலைக் கொஞ்சம் மறைத்தது, ஒன்றிரண்டு வருஷம் உலகமே சற்றுக் குளிர்ந்தது என்றாய். பூமி சூடாகிக்கொண்டே போகிறதே, அந்த எரிமலை செய்ததை மனிதர்களே செய்தால் என்ன, விமானத்தில் கொண்டுபோய்த் தூளைத் தூவி வெயிலைக் குறைத்தால் என்ன என்று சில பெரிய படிப்புக்காரர்கள் கேட்கிறார்கள் என்றாய். "நீ தூவப் போறியா?" என்று கேட்டேன். "ஐயோ இல்லம்மா. தூவினா மழை என்னாகும்னு முன்னாடியே பாக்கறதுதான் என் வேலை. வேணாம்னு சொல்றதுக்கும் கணக்கு வேணும்ல?" என்றாய். சரி என்று மனசு ஆறிற்று.

"நாளைக்கு நடக்கப்போறத இந்தப் பொய் பூமி சொன்னா, அத எப்பிடி நம்பறது?" என்று கேட்டேன். அப்போது என் தோளைத் தட்டினாயே, "எங்க சாரும் இதத்தாம்மா மொத நாளு கேட்டாரு" என்று! எனக்குத் தலை கால் புரியவில்லை. நடந்து முடிந்ததை வைத்துத்தான் சோதிப்போம் என்றாய். கணக்குப் பூமியில் அந்த எரிமலையை வெடிக்கவைத்து, அடுத்த இரண்டு வருஷம் எங்கே குளிர்ந்தது, எங்கே மழை குறைந்தது என்று அது சொல்வதை, அந்த வருஷங்களில் மனிதர்கள் நிஜமாக அளந்து எழுதியதோடு வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால், அது நாளைக்குச் சொல்வதையும் கொஞ்சம் நம்பலாம் என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். ஆனால் உன் வாயிலிருந்து 'அளந்து எழுதியதோடு' என்ற வார்த்தை வந்ததுமே எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று.

அதை மறைக்கத்தான் வேறு கேள்வி கேட்டேன். "தூவி, நல்லா குளுந்துச்சுன்னு வை. அப்புறம் ஒரு நாளு தூவற ஆளுங்களுக்குள்ள சண்டை வந்து நிறுத்திட்டா?" நீ சட்டென்று நிமிர்ந்து, "அதுதாம்மா பெரிய பயமே. அதுவரைக்கும் அடக்கிவெச்ச சூடு எல்லாம் சேந்து ஒரேயடியா வரும்" என்றாய். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நீ ஆறாவது படித்தபோது உன் நைனா வாட்ச்மேனாக இருக்கும் பங்களாவின் பின்பக்கம் மிளகாய் நாற்று விட்டிருந்தோம். பங்குனி வெயிலுக்குப் பயந்து மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தேன். மூன்று வாரம் நிழலிலேயே தளதளவென்று வளர்ந்தன. உன் நைனா, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குக் கீற்று குறைகிறது என்று ஒரு நடுப்பகலில் அத்தனையையும் உருவிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு நாற்றும் நிற்கவில்லை. முதல் நாளிலிருந்தே வெயிலில் நின்றிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். உன் நைனாவை ஒரு வாரம் 'பந்தல்காரரே' என்று கூப்பிட்டேன். அந்த நாற்றங்காலை நினைத்துத்தான் கேட்டேன். உலகமே நாற்றங்காலாக இருந்து, யாரோ ஒருவன் நடுப்பகலில் கீற்றை உருவினால்? அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, பாப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு நீ மழைக் கோடுகள் போட்ட ஒரு படத்தைத் திறந்தாய். நீலக் கோடு கணக்குப் பூமி சொன்ன மழை, சிவப்புக் கோடு நிஜ மழை. போன கோடை விடுமுறையில் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, தும்மித் தும்மி, பங்களாவின் பின்னறையில் நான் தினமும் மழையை அளந்து எழுதிவந்த பழைய நோட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாயே, அந்த நோட்டுகள். பள்ளிப்பட்டுப் பக்கம் வரை அலைந்து ஆறு ஊர் நோட்டு சேர்த்தாய். எரிமலை வெடித்த மறுவருஷம், தொண்ணூற்றிரண்டு ஆவணியில், நீலக் கோடு பள்ளத்தில் இறங்கியது. சிவப்பும் கூடவே இறங்கியது.

"ஆறு ஊருல நம்ம ஊருதாம்மா அப்பிடியே பொருந்துது. சார் கைதட்டினாரு. அடுத்த மாசம் வெளிநாட்டுல நான் பேசறேன்ல, மொத படமே இதுதான். அந்த எண்ணெல்லாம் நீ எழுதினதும்மா!"

புளித்தண்ணீர்க் கையோடு இருந்த என்னைக் கட்டிக்கொண்டாய். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, பாப்பா. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

அந்தப் பள்ளம் பொய். அந்த ஆவணியில் இங்கே நன்றாக மழை பெய்தது. குறைத்து எழுதியது நான்.

எப்படி என்று சொல்கிறேன். பங்களா வாட்ச்மேன் வேலையோடு மழைமானி, நாம் டப்பா என்று சொல்வோமே, அதைப் பார்க்கும் வேலையும் உன் நைனாவுக்குச் சேர்ந்து வந்தது. ஆனால் அளவுக் கண்ணாடியில் இருக்கும் மயிரிழைக் கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. வேலை அவருடையது, கண் என்னுடையது. கையெழுத்து மட்டும் அவர் போடுவார். எண்ணெல்லாம் நான் எழுதுவேன். காலை எட்டரைக்கு வேலிக் கதவைத் திறந்து, புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, கண்ணாடியில் ஊற்றி, குந்தி உட்கார்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முதன்முதலில் சொல்லிக்கொடுக்க வந்த அதிகாரி ஒரே ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார்: "தெறந்து பாக்காம சைபர் போடாதீங்கம்மா. மழை இல்லைன்னு எழுதறதுக்கும் போய்ப் பாக்கணும்." நான் போனேன். உனக்கு அம்மை போட்டிருந்தபோதும் போனேன். அக்கா மகள் கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு போய்க் குந்தினேன். ரேஷன் கடையில் "நேத்து எவ்ளோ மழைம்மா?" என்று கேட்பார்கள். "முப்பத்தாறு மில்லிமீட்டர்" என்று சொல்லும்போது, மழையைப் பெய்யவைத்தவளே நான்தான் என்பதுபோல ஒரு திமிர் வரும். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த ஆவணியில் மழை எங்கள் தலைமேல் மட்டும் பெய்தது. சாயங்காலம் மலைக்குப் பின்னால் கறுத்து வரும், ஊரை நனைக்கும், ஊர் எல்லையில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். அப்போது ஒரு காலையில் உன் பெரியப்பா, நான் பாவா என்று கூப்பிடுவேனே, அக்கா வீட்டுக்காரர், கே.ஜி.கண்டிகையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். நான் அப்போதுதான் அளந்து முடித்திருந்தேன். நோட்டில் இன்னும் எழுதவில்லை.

"என்ன பாவா, சட்டை மடிப்புக் கலையாம வர்றீங்க? நேத்து அடிச்ச மழையில உங்க ஊரே தெப்பமாயிருக்குமே?"

"எங்கம்மா மழை? உங்க ஊரு எல்லையத் தாண்டினா தூசி பறந்துகினு இருக்குது."

"எங்க டப்பாவுல நாப்பத்திரண்டு, பாவா!"

"ஆங், உன் டப்பாவே குடிச்சிருச்சி எல்லாத்தையும். வேர்க்கடலைப் பூவுலேர்ந்து விழுது மண்ணுக்குள்ள எறங்கற நேரம். மண்ணு கல்லாட்டம் கெடக்குது. விழுது எங்க எறங்கும்? மேலயே கருகுது."

"அப்ப டப்பாவத் தூக்கினு போயி உங்க கடலைக் கொல்லையில வெச்சிக்கோங்க."

என் கிண்டலுக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவர் அவர். அன்று சிரிக்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஆபீசுல கேட்டா, திருத்தணியில நல்ல மழை, நோட்டுல இருக்குதுன்றாங்க. எங்க ஊருக்கு டப்பா கெடையாது. உன் டப்பாதாம்மா எங்களுக்கும் சேத்துப் பேசுது. வறட்சின்னு எழுதினாத்தான் மாட்டுக்குத் தீவனம் வரும், அடுத்த பட்டத்துக்கு விதை வரும். நீ பொய் எழுத வேணாம். எங்க ஊரு மழைய எழுது."

எங்க ஊரு மழைய எழுது. அந்த ஒரு பேச்சில் நான் விழுந்தேன். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொல்லையில் பெய்யாதது நிஜம்தானே? அவர் போனதும் நோட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு புள்ளி இரண்டு என்று எழுதினேன். அதே எண்தான், புள்ளியைத்தானே ஓர் இடம் தள்ளி வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது மழைக்கும் புள்ளியைத் தள்ளினேன். மூன்றாவது மழையிலிருந்து அந்தப் புள்ளிக்குக்கூட மரியாதை இல்லை. வாய்க்கு வந்ததை எழுதினேன். சில நாள் டப்பாவைத் திறக்காமலேயே எழுதினேன். எப்படியும் எழுதப்போவது வேறு எண், எதற்குக் குந்தி எழ வேண்டும் என்றுதான். பதினோரு மழைநாள். பிறகு புரட்டாசி பிறந்தது, நானே பயந்து நிறுத்திவிட்டேன்.

கண்டிகைக்குத் தீவனம் வந்தது, விதையும் வந்தது. என் எண்ணால் வந்ததா, வேறு எதனால் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுவருஷம் பாவா ஒரு மூட்டை கடலை கொண்டுவந்து இறக்கினார். அதை வறுத்து உன் பள்ளிக்கூடப் பையில் போட்டு அனுப்பினேன். நீ கணக்குப் போட்டுக்கொண்டே தின்ற கடலை அதுதான்.

நம் மலைக்கு வருஷத்து நாள் கணக்கில் முன்னூற்று அறுபத்தைந்து படி. டிசம்பர் முப்பத்தொன்றில் படிக்கு ஒரு பாட்டுப் பாடி, படிக்கு ஒரு கற்பூரம் ஏற்றி ஜனம் ஏறுகிறதே, அந்தக் கூட்டத்தில் நானும் வருஷா வருஷம் ஏறுகிறேன். இருநூற்று முப்பதாவது படிக்குமேல் எனக்குக் கால் நடுங்கும். ஆவணி அங்கேதான் வரும், எண்ணி வைத்திருக்கிறேன். "முட்டி வலியாம்மா?" என்று நீ கையைப் பிடித்துக்கொள்வாய். "உன்னப் பெத்த பாரம்" என்று நானும் கிண்டலடித்துவிட்டு மேலே போய்விடுவேன். பதினாறு வருஷமாக முட்டியின்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, உலகத்துல ஆயிரக்கணக்கான டப்பா இருக்குது. ஒண்ணு கூடக் காட்டும், ஒண்ணு கொறைச்சிக் காட்டும். எல்லாம் சேந்தா சரியாயிடும்" என்பாய். போன வருஷம் நோட்டில் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தபோது அப்படித்தான் சொன்னாய். கரையானுக்கு நீ சொல்வது பொருந்தும். அதற்கு யார்மேலும் இரக்கம் கிடையாது, இந்தப் பக்கமும் தின்னும், அந்தப் பக்கமும் தின்னும். என் பொய் அப்படி இல்லை. காய்ந்த காலத்தில் கொல்லைக்காரன் வந்து நின்றால் எந்த ஊர் டப்பாக்காரியும் கூட்டி எழுதமாட்டாள், குறைத்துத்தான் எழுதுவாள். எனக்கு ஒரு பாவா இருந்ததுபோல் மற்ற ஊர்களில் ஒரு தம்பி, ஒரு மாமா, ஒரு பக்கத்து வீட்டுக்காரி இருந்திருந்தால்? எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், சேர்த்துப் பார்த்தாலும் சாய்ந்துதானே நிற்கும்? மற்றவர்கள் அப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

என்னை எழுப்பி உட்காரவைக்கிற பயம் இதைவிடப் பெரியது. உன் கணக்குப் பூமி மழை குறையும் என்றது, என் பொய்யும் மழை குறைந்தது என்றது. இரண்டும் கைகோத்துக்கொண்டன, உங்கள் சார் கைதட்டினார். ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் நீ நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்திருப்பாய், என்னை வந்து கேட்டிருப்பாய். ஒத்துப்போனதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு அந்தப் பூமி, இத்தனை தூள் தூவினால் உங்கள் ஊர் மழைக்கு இத்தனைதான் சேதம் என்று ஓர் எண் சொல்லும். முன்னே சரியாகச் சொன்னதே என்று எங்கேயோ நல்ல மனசுக்காரர்கள் கூடி உட்கார்ந்து அதை நம்புவார்கள். கெட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர்களைத் தடுக்க ஆள் வருவார்கள். நான் பயப்படுவது என்னைப்போல இரக்கப்பட்டுப் புள்ளியைத் தள்ளுகிறவர்களுக்குத்தான். நான் தள்ளிய புள்ளி ஒரு நோட்டில் இருக்கிறது, அழித்துவிடலாம். வெயிலில் தள்ளி வைத்த புள்ளியை யார் போய் அழிப்பது? அன்றைக்கு நான் இருக்கமாட்டேன். நீ இருப்பாய்.

இன்று காலை, நீ எழுவதற்கு முன், உன் நைனாவிடம் சொன்னேன். கையெழுத்து அவருடையது, வேலையும் அவருடையது, அவருக்குத் தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்று. பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா நாலு நாளா பேயடிச்ச மாதிரி இருக்குற? எனக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"மொத நாளு நான் தொப்பலா நனைஞ்சி வந்தேன். வேட்டியப் புழிஞ்சா ஒரு பக்கெட்டு தண்ணி. மறுநாளு கையெழுத்துப் போடச்சொல்ல எண்ணு எவ்ளோன்னு கேட்டேன், நாலுன்ன. எனக்குக் கண்ணுதான்டி மங்கல். தோலு மங்கல் இல்ல."

"அப்புறம் ஏன்யா கையெழுத்துப் போட்ட?"

வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "உங்க பாவா என்கிட்டதான் மொதல்ல வந்தாரு. எனக்கு எழுதத் தெரியாது, அவகிட்ட போங்கன்னு அனுப்பி வெச்சதே நான்தான்."

பார்த்தாயா பாப்பா, பதினாறு வருஷமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி இதை மறைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, நடுக்கமும் வந்தது. ஒரு வீட்டுக்குள்ளேயே ஓர் எண்ணில் இத்தனை பேர் கை இருக்கிறது. அது உன் படத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு சைக்கிள், காய்ந்த கடலைக் கொல்லை, பிழிந்த வேட்டி, வாயாடி ஒருத்தி எல்லாம் நிற்கிறார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டர் சொல்லும்?

இப்போது நீ செய்ய வேண்டியது. என்னை உட்காரவைத்து, "நினைச்சிப் பாரும்மா, உத்தேசமா எவ்ளோ பேஞ்சிருக்கும்?" என்று கேட்காதே. முதல் நாள் நாற்பத்திரண்டு, அது மட்டும் சத்தியம். மற்றதை நான் நினைவிலிருந்து சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். அந்த ஆவணியை எடுத்துவிடு. அந்த இடத்தில் கோடு அறுந்து கிடக்கட்டும். ஏன் அறுந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், எழுதினவளே வந்து பொய் என்று சொல்லிவிட்டாள் என்று சொல். அதற்குப் பிறகு உன் நீலக் கோடு தனியாகப் பள்ளத்தில் கிடந்தால் கிடக்கட்டும். முதல் படம் போய்விடும், கைதட்டினவர் முகம் சுண்டும், மேடையில் உனக்கு நாக்கு வறளும். என்மேல் கோபம் வரும். வரட்டும், ஒரு மாசம் போன் பண்ணாதே, நான் தாங்கிக்கொள்வேன். மிச்சம் ஐந்து ஊருக்கும் நீயே ஒருதரம் போ. நோட்டை மட்டும் பார்க்காதே. எழுதினவர் உயிரோடு இருந்தால் அவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடி, அந்த வருஷம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேள். மழையைப் பற்றிக் கடைசியில் கேள். எந்த எண் உனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதோ, அதை எழுதினவர் வீட்டுக்கு முதலில் போ.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. ஆனால் உனக்கு நான் நல்ல புத்தி சொன்னதெல்லாம் நான் செய்த தப்பிலிருந்துதான் சொல்லியிருக்கிறேன், நல்லதிலிருந்து சொல்ல என்னிடம் சரக்குக் குறைவு. வெயில் தாசில்தார் என்று உன்னை இனிமேல் கூப்பிடமாட்டேன். வேடிக்கையாக இருந்தவரை கூப்பிட்டேன். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் உண்மையாகவே யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்களோ என்று இருக்கிறது.

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. நடுவில் எட்டரை ஆகிவிட்டதால் எழுந்து போய்விட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். நேற்றெல்லாம் சுள்ளென்று வெயில், ஒரு மேகம் இல்லை, பார்க்காமலே தெரியும். ஆனாலும் போனேன். உன் நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். புனலைக் கழற்றினேன், பாட்டிலை எடுத்துக் கண்ணாடியில் கவிழ்த்தேன், குந்திப் பார்த்தேன். அவரிடம் கொடுத்தேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவி, "காஞ்சிதான் கெடக்குது, எழுது" என்றார். எழுதினேன்.

சைபர், பாப்பா. திறந்து பார்த்துத்தான் எழுதினேன்.

அம்மா